முழங்காலைக் கேட்டு வாங்க வேண்டிய கார்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஹூண்டாய் வென்யூவின் முதல் தலைமுறை. நீளம் 3,995 மில்லிமீட்டர். மற்றது அதே நிறுவனத்தின் கிரெட்டா. நீளம் 4,330 மில்லிமீட்டர். விளம்பரங்களில் முதலாவது 'காம்பாக்ட்', இரண்டாவது 'மிட்-சைஸ்'. நீளத்தில் 335 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம். அகலத்தை அளந்தால் 1,770-க்கும் 1,790-க்கும் இடையே வெறும் 20 மில்லிமீட்டர்தான். டாடா நெக்ஸானும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் காம்பாக்ட்தான். ஆனால் அதன் அகலம் 1,804 மில்லிமீட்டர். பெரிய அண்ணனான கிரெட்டாவைவிட அதிகம்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் வரிச் சட்டம். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்ஜின் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். இவைதான் நிபந்தனைகள். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாற்றியமைக்கப்பட்டபோதும் இந்தக் கோடு அழியவில்லை: கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். சட்டம் நீளத்தை அளந்தது. அகலத்தையோ உயரத்தையோ அளக்கவில்லை. நிறுவனங்களும் அதற்கேற்ப டிக்கியை வெட்டிக் குறுக்கின. அகலத்தில் கை வைக்கவில்லை.

அறுபதைத் தாண்டிய ஒருவர் ஷோரூமுக்குள் நுழைந்து "சின்னதா, பெருசா?" என்று யோசிக்கும்போது, உண்மையில் அவர் வரித்துறை போட்ட கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுதான் யோசிக்கிறார். அவருடைய முழங்காலுக்கும் கழுத்துக்கும் கண்ணுக்கும் அந்தக் கோடு தெரியாது. வயதான உடலின் தேவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கார் அதற்கு ஒத்துழைக்கிறது என்று பார்த்தால் வேறொரு பட்டியல் கிடைக்கும்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

மூட்டு வலிக்காரர்கள் செடான் காரைக் கைவிட்டு எஸ்யூவிக்கு மாறுவது வெறும் மோகமல்ல. அதில் இயந்திரவியல் இருக்கிறது. உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போது, உடல் எடையை முழங்காலும் இடுப்பும் நெம்பித் தூக்க வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கும். மூட்டின் மீது விழும் திருப்புவிசையும் கூடும். நாற்காலியிலிருந்து எழுவதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இருக்கையின் உயரத்தைக் கூட்டுவதால் முழங்காலின் சுமை 60 சதவீதம் வரையிலும் இடுப்பின் சுமை 50 சதவீதம் வரையிலும் குறையக்கூடும் என்று கண்டிருக்கிறார்கள். செடானுக்குள் போவதென்றால் கீழே விழுந்து உட்கார வேண்டும்; வெளியே வருவதென்றால் ஏதாவது பிடித்து எழ வேண்டும். உயரமான இருக்கை இந்த இரண்டு வேதனையையும் போக்குகிறது.

ஆனால் உயரம் கூடக் கூட நன்மையும் கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் உட்காருவது போய் ஏறுவது தொடங்கிவிடும். ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என் போன்றவை லாரியைப் போல ஏணிச் சட்டத்தின் மேல் உடற்கூடு பொருத்தப்பட்ட வண்டிகள். சட்டத்துக்கு மேல் தரை, தரைக்கு மேல் சீட். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, முழு உடலையும் அந்த ஒற்றைக் காலால் மேலே கொண்டுபோக வேண்டும். மாடிப்படியில் ஒரு படி ஏறுவதைவிடக் கடினம்; ஏனென்றால் ஏறும்போதே உடலைத் திருப்பவும் வேண்டும். இறங்கும்போது தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலைத் தொங்கவிட வேண்டும். புடவையிலும் வேட்டியிலும் இது இன்னும் சிரமம். மாற்று மூட்டு பொருத்தியவருக்கு, கால் தரையைத் தொடும் முன் உள்ள கடைசி நான்கு அங்குலம்தான் ஆபத்து.

சட்டம் தனி, உடற்கூடு தனி என்றில்லாமல் ஒரே கூடாக அமைக்கப்பட்ட மோனோகாக் கார்களில் தரை தாழ்வாக இருக்கும். வென்யூ, நெக்ஸான், பிரெஸ்ஸா மட்டுமல்ல. கிரெட்டா, கிராண்ட் விட்டாரா ஆகியவையும் இந்த வகைதான். அளந்து பார்க்க எளிய வழி உண்டு. கதவைத் திறந்து சீட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சீட்டின் விளிம்பு உங்கள் தொடையின் மேற்பகுதியில், பிட்டத்துக்குச் சற்றுக் கீழே பட வேண்டும். அப்படியிருந்தால் பின்புறத்தைச் சீட்டில் வைத்துவிட்டு இரண்டு கால்களையும் உள்ளே சுழற்றிக்கொள்ளலாம். சீட் இடுப்புக்கு மேல் நின்றால் ஏற வேண்டியிருக்கும். முழங்காலுக்கு அருகில் நின்றால் விழ வேண்டியிருக்கும். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதும் முக்கியம். டாடா பஞ்சின் கதவுகள் 90 டிகிரி வரை திறக்கும். விலைப்பட்டியலில் யாரும் கவனிக்காத இந்த அம்சம், மடங்காத முழங்காலுக்குச் சன்ரூஃபைவிடப் பயன்படும்.

உயரத்தில் உட்கார்ந்தால் என்ன தெரியும், என்ன தெரியாது

"மேல உக்காந்தா ரோடு நல்லாத் தெரியுது" என்பது எஸ்யூவி வாங்கியவர்கள் எல்லோரும் சொல்வது. தூரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலே பார்க்கலாம். எதிரே வரும் சிறிய கார்களின் விளக்கொளியும் கண்ணில் நேராகக் குத்தாது. கிட்டத்தில் நிலைமை வேறு.

ஒத்த முக்கோணங்களைப் பள்ளியில் படித்திருப்போம். அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பானெட்டின் முன்விளிம்பு 1 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கு 1.6 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்து பானெட் விளிம்பை உரசிச் செல்லும் பார்வைக்கோடு 5.6 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். பானெட்டுக்கு முன்னால் 4 மீட்டர் தரை ஓட்டுநருக்குத் தெரியாது. பெரிய எஸ்யூவியில் கண் 1.55 மீட்டருக்கு உயர்ந்தாலும், பானெட்டும் 1.15 மீட்டருக்கு உயர்ந்து சற்று நீண்டும் விடுகிறது. விளிம்பு கண்ணுக்கு 1.7 மீட்டர் முன்னால் என்றால் மறையும் தரை கிட்டத்தட்ட 4.9 மீட்டர். மேலே உட்கார்ந்தும் ஒரு மீட்டர் நஷ்டம். கண்ணை உயர்த்திய வடிவமைப்பாளர் பானெட்டையும் அதே அளவு உயர்த்தி, முன்னாலும் நீட்டிவிட்டார்.

இதே கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. முதல் காரில் சீட்டை வெறும் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் மறையும் தரை 4 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 3.6 மீட்டராகச் சுருங்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்கு, சீட்டை உயர்த்தும் நெம்புகோல் ஒன்றரை அடி நிலத்தை மீட்டுத் தருகிறது. வயதாக ஆக முதுகெலும்பு வட்டுகள் தேய்ந்து நாமே சற்றுக் குட்டையாகிறோம்; முப்பதில் சரியாக இருந்த சீட் நிலை எழுபதில் சரியாக இருக்காது.

பானெட் உயரம் ஓட்டுநரின் பிரச்சினை மட்டுமல்ல. பாதசாரிகள் மீது மோதிய விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம், 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டது. பானெட் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வாகனம் மோதினால், 30 அங்குலத்துக்குக் குறைவான சரிவான முகப்புள்ள கார் மோதுவதைவிட மரணத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள், 19.5 சதவீதத்தினர் நடந்து போனவர்கள். நம் காருக்கு வெளியே இருப்பவர்கள்தான் நம் சாலையில் அதிகம் சாகிறார்கள்.

முன்கண்ணாடியின் இருபுறமும் நிற்கும் ஏ-பில்லர் தூண்கள் இன்னொரு திரை. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார். சாலையைக் கடக்கும் பாதசாரியைக் கொல்லும் விபத்து இடப்புறத் திருப்பத்தில் நேர்ந்ததாக இருக்கும் வாய்ப்பு, எஸ்யூவிகளுக்குச் சாதாரண கார்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று அதே நிறுவனம் 2022-இல் கண்டது. தடித்த தூண் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். நம் ஊரில் இதன் கண்ணாடி பிம்பம் வலப்புறத் திருப்பம்: சந்தியில் வலப்புறம் ஒடிக்கும்போது, குறுக்கே நடப்பவர் வலப்பக்கத் தூணுக்குப் பின்னாலேயே காரோடு சேர்ந்து நகர்வார். இளைஞர் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி எட்டிப் பார்த்துவிடுவார். இடுப்பு வலிக்காரர் அப்படி அசையமாட்டார்.

உயரம் வேகத்தைப் பற்றியும் பொய் சொல்லும். சாலை நம் கண்ணைக் கடந்து ஓடும் வேகத்தைக் கொண்டே மூளை நம் வேகத்தை ஊகிக்கிறது. கண் மேலே போகப் போக, அதே வேகத்தில் சாலை மெதுவாக ஓடுவதுபோலத் தோன்றும். கனடாவின் கிறிஸ்டினா ருடின்-பிரவுன் ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்கார வைத்து, கண் உயரத்தை மட்டும் மாற்றி இதைச் சோதித்தார். எஸ்யூவி உயரத்தில் உட்கார்ந்தவர்கள் தம்மை அறியாமல் வேகமாக ஓட்டினார்கள். பெரிய வண்டியில் 80 கிலோமீட்டர் வேகம் 60 போலத் தெரிந்தால் தப்பு கண்ணினுடையது அல்ல; ஸ்பீடோமீட்டரைப் பார்க்கும் பழக்கத்தால்தான் அதைத் திருத்த முடியும்.

வெளிச்சமும் கவனமும்

காரின் கண்ணாடிக்கு இப்பால் இன்னொரு கண்ணாடி இருக்கிறது: நம் விழிலென்ஸ். வயதாக ஆக விழிப்பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. ஹெட்லைட்டின் தரமும், பின்கண்ணாடியின் கருமையும், மழையில் வைப்பர் துடைக்கும் பரப்பும் அவருக்கு அலங்காரமல்ல. பல காம்பாக்ட் எஸ்யூவிகளில் அழகுக்காகப் பின்ஜன்னலைக் கீறல் போலச் சுருக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட சின்ன காரைவிட அகலமான பின்கண்ணாடியுள்ள பெரிய காரே மேல்.

பார்வைக் கூர்மையைவிட முக்கியமான ஒன்றை அலபாமா பல்கலைக்கழகத்தில் சிந்தியா ஔஸ்லியும் கார்லின் பாலும் கண்டறிந்தார்கள்: தலையையும் கண்ணையும் அசைக்காமல் ஒரே நோக்கில் எவ்வளவு பரப்பை மூளையால் கவனிக்க முடிகிறது என்பது. 1998-இல் வெளியான அவர்களது ஆய்வில், இந்தப் பரப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கிய முதியவர்கள், அடுத்த மூன்றாண்டுகளில் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.2 மடங்கு இருந்தது. இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டர், வலப்பக்கம் ஒரு ஆட்டோ, எதிரே ஒரு மாடு என்று எல்லாம் ஒரே நொடியில் வரும் நம் சாலையில், கவனம்தான் முதலில் தீர்ந்துபோகும் சரக்கு. காரின் நான்கு மூலைகள் எங்கே இருக்கின்றன என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டிய வண்டி அந்தச் சரக்கைத் தின்றுவிடும். மூலைகள் தெரிகிற வண்டி அதை மிச்சப்படுத்தும்.

அதே ஔஸ்லியின் குழு 2002-இல் சொன்ன செய்தி இன்னும் நேரடியானது: கண்புரை அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களின் விகிதத்தில் ஏறத்தாழ பாதி. காரை மாற்றும் யோசனை வந்தால் முதலில் கண் மருத்துவரைப் பார்ப்பது சிக்கனமும்கூட.

கழுத்தும் சந்தும்

கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பும் வீச்சு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைகிறது என்பது 1992-இல் அமெரிக்காவில் செய்த அளவீடு. ஸ்பாண்டிலோசிஸ் இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். இருபதிலிருந்து எழுபதுக்குள் ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரி போய்விட்டதென்றால், ரிவர்ஸ் எடுப்பதும் லேன் மாறுவதும் வேறு வேலையாகிவிடுகின்றன.

ஆகவே, ரிவர்ஸ் எடுக்க வேண்டிய தேவையையே குறைக்கிற கார் நல்லது. கார் திரும்பும் வட்டம் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. நெக்ஸானின் வீல்பேஸ் 2,498 மில்லிமீட்டர். திரும்பும் ஆரம் 5.1 மீட்டர். ஃபார்ச்சூனருக்கு 2,745 மில்லிமீட்டர், ஆரம் 5.8 மீட்டர். யூ-டர்ன் எடுக்க முதலாவதற்கு 10.2 மீட்டர் போதும், இரண்டாவதற்கு 11.6 மீட்டர் வேண்டும். 11 மீட்டர் அகலச் சாலையில் சின்ன வண்டி ஒரே வீச்சில் திரும்பிவிடும். பெரிய வண்டி பாதியில் நின்று, பின்னால் ஹாரன் ஒலிக்க, ரிவர்ஸ் எடுத்து மறுபடி திரும்ப வேண்டும். விறைத்த கழுத்துக்கு வேலை வருவது அந்த இடத்தில்தான்.

வீட்டில் நிறுத்தும்போது அகலம் பேசும். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அடுத்தடுத்த இரண்டு இடங்களிலும் 1.77 மீட்டர் அகலமுள்ள கார்கள் நடுவில் நின்றால், இரண்டுக்கும் இடையே 73 சென்டிமீட்டர் மிச்சம். இரண்டும் 1.917 மீட்டர் அகலமுள்ள ஸ்கார்பியோ-என் என்றால் 58 சென்டிமீட்டர். இளைஞர் வயிற்றை எக்கிக்கொண்டு நழுவிவிடுவார். முழங்கால் மடங்காதவருக்குக் கதவை அகலத் திறந்தால்தான் கால் வெளியே வரும். அடுக்ககத்தின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு பக்கம் தூண் வேறு. அங்கே எந்த மாடல் நல்லது என்பதை டேப்தான் சொல்ல வேண்டும்.

கேமராக்கள் உதவும். நான்கு புறமும் காட்டும் 360 டிகிரி கேமரா கழுத்துக்கு நல்ல பதிலி. ஆனால் டாஷ்போர்டுத் திரை கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வெள்ளெழுத்துக்காகப் போடும் பைஃபோகல் கண்ணாடியில் கீழ்ப்பாதி 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு, மேல்பாதி தூரப்பார்வைக்கு. திரை இரண்டுக்கும் நடுவில் விழுந்து மங்கலாகத் தெரியும். ஷோரூமில் சொந்தக் கண்ணாடியோடு அந்தத் திரையைப் பார்த்தால்தான் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் பயன்படுமா என்று தெரியும்.

எடையின் கணக்கு

"ஏதாவது ஆனா பெரிய வண்டிதான் காப்பாத்தும்" என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். நியாயமான வாதம், நியூட்டன் அவர்கள் பக்கம்தான் நிற்கிறார். 1.1 டன் காரும் 2.1 டன் எஸ்யூவியும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், மொத்த உந்தம் மாறாது என்ற விதிப்படி இரண்டும் சேர்ந்து எஸ்யூவி வந்த திசையிலேயே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். எஸ்யூவிக்குள் இருந்தவர்களுக்கு வேகம் 34 மட்டுமே மாறியது. சின்ன காருக்குள் இருந்தவர்களுக்கு 50-இலிருந்து நின்று, பின்னோக்கி 16-க்குத் தள்ளப்பட்டு, மொத்தம் 66 மாறியது. காயத்தைத் தீர்மானிப்பது இந்த மாற்றம்தான். வித்தியாசம் இரு மடங்கு.

இப்போது எதிரே வருவது சரக்கோடு சேர்த்து 25 டன் எடையுள்ள லாரி என்று மாற்றிப் போடுங்கள். அதே 50 கிலோமீட்டர் வேகம். 1.1 டன் காருக்கு வேக மாற்றம் 96, 2.1 டன் எஸ்யூவிக்கு 92. ஒரு டன் இரும்பைக் கூடுதலாக வாங்கியும் 4 கிலோமீட்டர்தான் மிச்சம். எடை என்பது நம்மைவிட இலேசானவரிடமிருந்து மட்டும் நம்மைக் காக்கும் கவசம். நம் நெடுஞ்சாலையில் அச்சமூட்டும் எதிராளிகள் லாரியும் பேருந்தும். அவற்றின் முன் இரண்டுமே சின்ன வண்டிகள்தான்.

எடை செய்யாத இன்னொன்று, வண்டியைச் சீக்கிரம் நிறுத்துவது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு; அடிப்படை இயற்பியலில் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். அதற்கு முன்னால் ஓட்டுநர் யோசிக்கும் நேரம் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 1.5 விநாடி யோசித்தால் 25 மீட்டர் போய்விடும். 2 விநாடி யோசித்தால் 33 மீட்டர். வயது சேர்க்கும் அந்த அரை விநாடிக்கு விலை 8 மீட்டர். அதை மீட்டுத் தரக்கூடியது, முன்னால் தடை வந்தால் தானே பிரேக் பிடிக்கும் தானியங்கி அவசர பிரேக். அது இருக்கிறதா என்பது வண்டியின் நீளத்தைவிடப் பெரிய கேள்வி.

பெரிய வண்டியின் உண்மையான ஆதாயம் முன்புற நசுங்கு பகுதி. 56 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் சராசரியாக புவியீர்ப்பைப்போல் 21 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 70 சென்டிமீட்டர் நசுங்கினால் 18 மடங்கு. அந்தப் பத்து சென்டிமீட்டர் வயதான விலா எலும்புக்குப் பெரிய தயவு.

விலா எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதியவர்கள் ஓட்டும் கிலோமீட்டருக்கு அதிகம் இறப்பதைப் பார்த்து, அவர்கள் மோசமாக ஓட்டுகிறார்கள் என்று நினைப்பது வழக்கம். 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. கூடுதல் மரணங்களில் 60 முதல் 95 சதவீதம் வரை உடலின் நொறுங்கும் தன்மையால் வந்தது. அதிக விபத்துகளால் அல்ல. இளைஞர் கன்றிய மார்போடு எழுந்து போகிற அதே மோதலில், முதியவருக்கு விலா முறிந்து நுரையீரல் பாதிக்கப்படுகிறது. முறிப்பது பல நேரங்களில் உயிரைக் காக்கும் சீட் பெல்ட்டேதான். ஆகவே பெல்ட்டில் இரண்டு கருவிகளைத் தேடுங்கள். மோதிய கணத்தில் தளர்வை இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனர் ஒன்று. விசை எல்லை மீறும்போது பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் லோடு லிமிட்டர் மற்றொன்று. பெல்ட்டின் மேல்பிடி உயரத்தை மாற்ற முடிய வேண்டும். இல்லையென்றால் குட்டையானவர்களுக்கு அது தோளில் படாமல் கழுத்தை அறுக்கும். ஸ்டீயரிங்கின் மையத்துக்கும் மார்புக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஏர்பேக் அடியாக விழாமல் மெத்தையாகத் தாங்கும். கால் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் இழுக்கிறவர்களுக்கு, முன்னும் பின்னும் நகரும் ஸ்டீயரிங் தேவை.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்சிஏபி நட்சத்திரங்களைப் பார்த்து வாங்குங்கள்; ஆனால் அவை சொல்வது என்ன என்று தெரிந்து பாருங்கள். முன்பக்க மோதல் சோதனையில் கார் 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பில் மோதுகிறது. அதாவது தன் சொந்த எடையோடு தானே மோதிக்கொள்கிறது. ஐந்து நட்சத்திரச் சின்ன காரும் ஐந்து நட்சத்திரப் பெரிய காரும் ஒன்றோடொன்று மோதினால் சமம் என்று அதற்குப் பொருளில்லை. முன்சீட்டில் உட்காரும் பொம்மை சராசரி ஆணின் உடலைக் கொண்டது; அதற்கு எலும்புத் தேய்மானம் கிடையாது. அதற்காக நட்சத்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு நட்சத்திரப் பெரிய வண்டியைவிட ஐந்து நட்சத்திரச் சின்ன வண்டியில் கூடு நொறுங்காமல் நிற்கும் என்று நம்பலாம்.

கால் தவறும் கணம்

2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது ஓட்டுநரின் கார் கட்டுப்பாடிழந்து பாய்ந்ததில் ஓர் இளம் தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். பிரேக் என்று நினைத்து அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார் என்று 2021-இல் நீதிமன்றம் முடிவு செய்தது. ஜப்பான் இதை ஒரு தனிமனிதரின் தவறாக மட்டும் விட்டுவிடவில்லை. பாதுகாப்புக் கருவிகள் உள்ள கார்களை மட்டுமே ஓட்ட அனுமதிக்கும் தனி உரிமத்தை 2022 மே மாதம் கொண்டுவந்தது. பெடல் தவறுதலாக அழுத்தப்படுவதைத் தடுக்கும் கருவி, 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் கட்டாயமாகிறது.

குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் இடையே சுழற்றுவதுதான் நாம் ஓட்டும் முறை. ரிவர்ஸ் எடுக்க உடம்பைத் திருப்பும்போது இடுப்போடு குதிகாலும் நகர்ந்துவிடும். பாதம் பழைய இடத்தில் பிரேக் இருப்பதாக நம்பி அழுத்தும். ஆட்டோமேட்டிக் கியர் முழங்காலுக்கு வரம்தான். சென்னைப் போக்குவரத்தில் இடக்கால் கிளட்சை மிதித்தே ஓய்ந்துபோகும். ஆனால் கிளட்ச் இருக்கும் காரில் தப்பாக அழுத்தினாலும் வண்டி அணைந்துவிடும் வாய்ப்புண்டு. ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தடை இல்லை. பிரேக் பெடல் அகலமாக இருக்கிறதா, இரண்டு பெடலுக்கும் இடையே உயர வித்தியாசம் தெரிகிறதா, வழக்கமாகப் போடும் செருப்போடு பாதம் சிக்காமல் நகர்கிறதா என்று பாருங்கள். கால் தவறினால், அதே வேகத்தில் 2 டன் வண்டி சுமக்கும் ஆற்றல் 1 டன் வண்டியின் இரு மடங்கு. அந்த ஆற்றலை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் வாசலில் நிற்பவர்.

பெரிய வண்டி எப்போது சரி?

மாதத்துக்கு நான்கு முறை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஆறு பேரோடு போகிறவருக்குச் சின்ன வண்டி பொருந்தாது. மனித முதுகெலும்பு மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வையே அதிகம் உணர்கிறது. நல்ல சஸ்பென்ஷனும் நீண்ட வீல்பேஸும் உள்ள வண்டி அந்த அதிர்வை முதுகுக்கு முன்பே விழுங்கிவிடும். வேகத்தடையில் ஏறும்போது 10 சென்டிமீட்டர் மேட்டுக்கு 2.5 மீட்டர் வீல்பேஸ் ஏறத்தாழ 2.3 டிகிரி முன்பின் சாயும், 2.75 மீட்டர் என்றால் 2.1 டிகிரி. வித்தியாசம் சிறியதுதான், நாள் முழுக்கப் பயணத்தில் அது சேரும். ஆனால் அந்த வசதி நடு வரிசையில் உட்காருபவருக்குத்தான். மூன்றாம் வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் குலுக்கல் முழுவதும் அங்கே இறங்கும். முழங்காலும் மார்பை முட்டும். பெரியவர்களை அங்கே உட்கார வைக்க ஏழு சீட் வாங்க வேண்டாம்.

அப்படிப்பட்ட தேவை இருந்தாலும் ஏணிச் சட்ட வண்டியைவிட மோனோகாக் பெரிய வண்டியே முதிய ஓட்டுநருக்கு ஏற்றது. தரை தாழ்வு, ஈர்ப்பு மையம் தாழ்வு, திடீர்த் திருப்பத்தில் கவிழும் ஆபத்தும் குறைவு. வண்டி கவிழாமல் நிற்பதைச் இட, வலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கணிக்கிறார்கள். உயரம் கூடும்போது அகலமும் அதே அளவு கூடாவிட்டால் எண் சரிகிறது.

நகரத்துக்குள்ளேயே ஓடும், இரண்டு மூன்று பேரே ஏறும், வாரம் ஒருமுறை கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் ஓட்டம் என்றால் என் தேர்வு தெளிவானது: நான்கு மீட்டருக்குள், மோனோகாக், இருக்கை தொடை உயரத்தில், ஆட்டோமேட்டிக், ஐந்து நட்சத்திரம், தானியங்கி அவசர பிரேக். முதிய ஓட்டுநருக்கு இடறல்கள் மிகுதியாக நேர்வது மெதுவாகப் போகும் இடங்களில்: சந்தியில், வாசலில், பார்க்கிங்கில், ஏறும்போது, இறங்கும்போது. அங்கெல்லாம் சின்ன வண்டி தினமும் உதவும். பெரிய வண்டியின் எடை உதவும் தருணம் வராமலே போகலாம்; வந்தாலும் எதிரே இருப்பது லாரியாக இருக்கலாம். மிச்சமாகும் வரிப்பணத்தில் மேல் வேரியன்ட் வாங்கினால், பாதுகாப்புக் கருவிகள் அதிலேயே வந்துவிடும்.

விற்பனையாளர் பகல் பதினோரு மணிக்கு அகலமான பைபாஸில் டெஸ்ட் டிரைவ் கொடுப்பார். அதை மறுத்து, மாலை ஏழு மணிக்கு, உங்கள் கண்ணாடியோடு, உங்கள் செருப்போடு, உங்கள் தெருவில் கேளுங்கள். ஐந்து முறை தொடர்ந்து ஏறி இறங்குங்கள். முதல் முறை எல்லா முழங்காலும் ஒத்துழைக்கும், ஐந்தாவது முறைதான் உண்மை சொல்லும். பானெட்டுக்கு முன்னால் பேரக்குழந்தையின் உயரத்தில் ஒரு வாளியையோ ஸ்டூலையோ வைக்கச் சொல்லி, எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் பார்க்கிங்கில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்குங்கள். வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் அவரும் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். அந்த நாளிலேயே இந்தச் சோதனைகளையும் சொந்தக் காரில் மறுபடி செய்துவிடுவது நல்லது. காரின் அளவுகள் அப்படியே இருக்கும்; மாறுவது நாம்தான். அறுபதில் பொருந்திய வண்டி எழுபதில் பொருந்தாவிட்டால் சீட்டை மாற்றலாம், கேமரா பொருத்தலாம், வண்டியையே மாற்றலாம். எதுவும் உதவாது என்று தெரிந்தால் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கச் சீட்டில் ஏறலாம். அந்தச் சீட்டின் உயரமும் அன்றைக்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதால், வாங்கும்போதே அதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.